கடைசிப் பலகை

கறிவேப்பிலைக் கன்று கருகி நின்றது.

காய்ந்திருந்தால் பவுலினா கவலைப்பட்டிருக்க மாட்டாள். புரட்டாசி முழுக்க மழை பெய்து ஓசூரே ஈரத்தில் ஊறிக் கிடக்கையில், சமையலறைக் கதவுக்கு வெளியே அந்தச் செடி மட்டும் நெருப்புப் பட்டதுபோல் நின்றது. குனிந்து பார்த்தாள். தூரைச் சுற்றி மண்ணில் வெள்ளையாக என்னவோ பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு.

அந்தச் செடிக்கு அவள் ஊற்றி வந்தது, புருஷன் கட்டுகிற சின்னக் கப்பலின் பலகைகளை வளைப்பதற்காக ஊற வைத்த தண்ணீர். அதுவும் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்தான். குடிப்பதும் அதுதான், சமைப்பதும் அதுதான். பலகையோடு ஓர் இரவு அண்டாவில் கிடந்தால் மட்டும் அது எப்படி இப்படி ஆகும்?

சாயங்காலம் பெங்களூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய புருஷனிடம் சொன்னாள். ராயப்பன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, வெள்ளைக்காரன் மரத்தில் ஏதாவது மருந்து போட்டிருப்பான், பூச்சி பிடிக்காமல் இருக்க, என்றார். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். கொஞ்ச நாளாகவே அவர் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை.

அந்தக் கப்பலைப் பெட்டியில் போட்டு அனுப்பியவன் மகன் பாக்கியராஜ். சரக்குக் கப்பலில் இன்ஜின் அறை வேலை அவனுக்கு. எந்தத் துறைமுகத்திலோ வாங்கி, பார்சலில் போட்டிருந்தான். பிரித்தால் தீக்குச்சி மாதிரி மெலிந்த பலகைகள், நூற்கண்டுகள், மிளகு அளவில் கப்பிகள், புரியாத பாஷையில் ஒரு பெரிய வரைபடம். நீங்க ஆரம்பிங்கப்பா, பாய்மரம் ஏத்தறதுக்குள்ள நான் வந்துடுவன் என்று எழுதியிருந்தான். ராயப்பன் பெங்களூர்த் தொழிற்சாலையில் கடைசல் இயந்திரத்தில் நிற்பவர். அளவும் பிசகாது, கையும் நடுங்காது. பலகை ஒட்டுகிற வச்சிரப் பசையைக் காய்ச்சிக் காய்ச்சி வீடே மாட்டுத்தோல் வாசனை அடித்தது. பக்கத்து வீட்டு லட்சுமியம்மாள் வேலியோரம் நின்று கேலி பண்ணுவாள்.

"ஏங்க்கா, ஓசூருல கப்பல் கட்டி எந்தச் சமுத்திரத்துல உடப் போறாரு உங்க வீட்டுக்காரரு? ராமநாயக்கன் ஏரியிலயா?"

போன வருஷப் புயலுக்குப் பிறகு தந்தி வந்தது. அன்றோடு அந்தக் கேலி நின்றுபோனது. அது நின்றதுதான் பவுலினாவுக்கு அதிகம் வலித்தது.

தந்தியில் காணவில்லை என்றுதான் இருந்தது. இறந்தான் என்று இல்லை. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள். இந்தக் கப்பல் முடியட்டும் தாயே, மடியில் வைத்துக்கொண்டே வந்து உன் காலடியில் வைக்கிறேன். கடைசிப் பலகை ஏறுகிற அன்றைக்கு என் பிள்ளை என் வாசலில் நிற்க வேண்டும்.

ராயப்பனும் வேகமாகத்தான் கட்டினார். பாக்கியராஜின் அறையில், அவன் படித்த மேசைமேல், விலா எலும்புகளை மூடுகிற மாதிரி பலகை பலகையாக ஏறியது. கை நீளக் கப்பல். ஆவணி பிறந்ததும் பலகை ஏற்றுகிற வேலை நின்றது. வயிற்றின் வலப்பக்கம் ஒரே ஒரு பலகை பாக்கி. அரை விரல் அகலத்துக்கு ஒரு சந்து, உள்ளே கும்மிருட்டு. அவள் கேட்டால், பலகை விரிந்துவிட்டது என்பார், வச்சிரம் சரியில்லை என்பார், மழையில் காயாது என்பார். அதே மழையில்தான் பாய்மரம் நட்டார், நூல் கட்டினார், பாய்கூட ஏற்றினார். அந்தச் சந்தை மட்டும் தொடவில்லை.

ஒருநாள் காபி கொண்டு போனபோது அவர் மேசைமேல் கவிழ்ந்திருந்தார். வாய் சந்தோடு ஒட்டியிருந்தது. உதடு அசைந்தது. அவளைக் கண்டதும் நிமிர்ந்து, தூசி ஊதினேன் என்றார்.

அந்த அறையில் இப்போது வச்சிர வாசனை இல்லை. துருவேறிய இரும்பு, எண்ணெய், நாள்பட்டுத் தேங்கிய தண்ணீர், எல்லாம் கலந்து ஏதோ ஒன்று. ஜன்னலைத் திறந்து வைத்தாலும் போகவில்லை.

ஐப்பசி இரண்டாம் ஞாயிறு, பூசை முடிந்து வெளியே வரும்போது பங்குச் சாமியார் கூப்பிட்டார். கல்லறைத் திருநாள் பூசையில் வாசிக்க ராயப்பன் மகன் பெயரைக் கொடுத்திருக்கிறார், ரொம்ப நல்லது, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்றார். பவுலினாவுக்குக் காதெல்லாம் அடைத்தது.

"உசுரோட இருக்கற புள்ளைக்கு எதுக்குங்க சாமி கல்லறைப் பூசை?"

அவள் வீட்டுக்கு வந்து, புருஷனுக்குச் சோற்றை வைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் கடைசிப் பலகையை எடுத்து அண்டாத் தண்ணீரில் போட்டாள். அவர் முடிக்க மாட்டார். நான் முடிப்பேன்.

மத்தியானத்துக்கு மேல் வானம் கறுத்தது. வச்சிரத்தைச் சூடு பண்ணி, ஊறிய பலகையை வளைத்து, விரல் நுனியால் சந்தில் பதித்தாள். ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. பலகை நெருங்க நெருங்க, சந்திலிருந்து லேசாகக் காற்று வந்து கைமேல் பட்டது. வரும். நிற்கும். மறுபடி வரும். ஜன்னல் காற்று என்று நினைத்துக்கொண்டாள். மாதாவே, மாதாவே என்று சொல்லிக்கொண்டே அழுத்தினாள். பலகை சிக்கென்று உட்கார்ந்தது. கட்டைவிரலால் இருபக்கமும் தடவிவிட்டாள். காற்று நின்றது.

மழை ஓட்டில் இறங்கியது. கரண்ட் போனது. அரிக்கேன் விளக்கை ஏற்றிக்கொண்டு முட்டிபோட்டு ஜெபமாலையை எடுத்தாள்.

டக் டக். கொஞ்சம் பொறுத்து, டக்.

ஜெபமாலை கையிலிருந்து விழுந்தது. பாக்கியராஜ் சின்ன வயதில் ஆட்டம் முடிந்து நேரம் கழித்து வந்தால் அப்பாவுக்குப் பயந்து முன்கதவைத் தட்ட மாட்டான். சமையலறைக் கதவில் நகத்தால் தட்டுவான். இரண்டு, அப்புறம் ஒன்று. அவளும் தாழ்ப்பாள் சத்தம் கேட்காமல் திறந்துவிட்டு, சோறு போட்டுவிடுவாள். அது அம்மாவுக்கும் பிள்ளைக்கும் மட்டும் தெரிந்த தட்டு.

ஓடினாள். பலகைக்கட்டையில் கால் இடறியும் ஓடினாள். தாழ்ப்பாளை இழுத்துக் கதவை விரியத் திறந்து, "வந்துட்டியா சாமி" என்றாள்.

மழை. கருகிய செடி. வேறு யாரும் இல்லை.

டக் டக். டக்.

முதுகுக்குப் பின்னால். வீட்டுக்குள்ளே.

ராயப்பன் நனைந்துகொண்டு வந்தபோது அவள் அந்த அறை வாசலில் நின்றிருந்தாள். அத்திப்பள்ளிச் சாவடியில் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், விளக்கு வெளிச்சத்தில் கப்பலைப் பார்த்தார். பேச்சு பாதியில் நின்றது.

"யாரு மூடுனது?"

"நான்தாங்க. நேர்த்திக்கடன் இருக்குதில்ல."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. அப்புறம்தான் சொன்னார். ஆவணியில் தொழிற்சாலை வாசலுக்கு ஒருவன் வந்தானாம். சூசை, தூத்துக்குடிப் பையன், பாக்கியராஜோடு வேலை பார்த்தவன். புயலில் கப்பலுக்குள் தண்ணீர் ஏறியது. மேலே இருப்பவர்களாவது பிழைக்கட்டும் என்று இன்ஜின் அறை இரும்புக் கதவை மூடச் சொல்லிவிட்டார்கள். மூடியவர்களில் சூசையும் ஒருவன்.

"உள்ள இருந்து தட்டிக்கிட்டே இருந்தானாம், பவுலி. மத்தவனெல்லாம் ஓஞ்ச பொறவும் ஒருத்தன் மட்டும். ரெண்டு தட்டு. அப்பறம் ஒண்ணு. அது இன்னான்னு என்னைக் கேட்டான் அந்தப் பையன். எனக்குத் தெரியலன்னு சொன்னன்."

அவளுக்குத் தெரியும்.

"அதுக்கு மேல என்னால மூட முடியல. அந்தச் சந்து வழியாத்தான் பேசிக்கிட்டிருந்தன்."

"அவன் பேசினானா?"

"இல்ல. மூச்சு உடுவான்."

டக் டக். டக்.

இரண்டு பேரும் கேட்டார்கள். ராயப்பன் எழுந்து உளியை எடுத்தார். சந்தைத் தேடி விளக்கைக் கிட்டே பிடித்தார். சந்து இல்லை. ஒட்டிய கோடும் இல்லை. ஒரே மரத்தில் குடைந்ததுபோல் வலப்பக்கம் வழவழவென்றிருந்தது. உளி வழுக்கியது. மறுபடி வழுக்கி, அவர் உள்ளங்கையைக் கிழித்தது. பவுலினா நகத்தால் கீறினாள். நகம் பெயர்ந்தது. கீறல் விழவில்லை.

டக் டக். இந்த முறை ரொம்ப நேரம் பொறுத்து, டக்.

அவள் கப்பலைத் தூக்கினாள். பாய் கிழிந்தது, நூல்கள் அறுந்தன. கனத்தது. பிரசவம் முடிந்து கையில் கொடுத்தபோது இருந்த கனம். உள்ளே ஏதோ புரண்டது, தண்ணீரோடு சேர்ந்து, ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு. அவள் கை எங்கே இருந்ததோ அங்கே வந்து நின்றது.

ராயப்பன் அடுப்படியிலிருந்து விறகு பிளக்கிற கோடாலியோடு வந்தார். வை கீழே, வை கீழே என்றார். ஓங்கினார். அவள் கப்பல்மேல் கவிழ்ந்துகொண்டாள்.

"வெட்டாதீங்க. தலை எந்தப் பக்கம் இருக்குதோ தெரியலயே."

கோடாலி இறங்கவில்லை. அவர் கை நடுங்க நடுங்க அது அப்படியே நின்றது.

மழை விட்டிருந்தது. திறந்து கிடந்த சமையலறைக் கதவு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அவள் மடி நனைந்து, சேலை நனைந்து, உப்புத் தண்ணீர் தரையில் ஓடி வாசற்படியைத் தொட்டது. மரத்தோடு வாயை வைத்து, "கதவு தொறந்துதான்டா இருக்குது" என்றாள். "அப்பா திட்ட மாட்டாரு. வாடா."

தட்டு நின்றது. அவள் உள்ளங்கைக்கு நேர் கீழே, மரத்துக்கு அந்தப் பக்கம், ஒரு நகம் மெல்லச் சுரண்டத் தொடங்கியது.