மஞ்சள் பூசாத புற்று

ஆட்டோவை விட்டு இறங்கும்போது கோகிலாவின் இடது கன்னம் அவளுடையதாகவே இல்லை. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய டாக்டர், குழியில் பஞ்சை வைத்துக் கடிக்கச் சொல்லி அனுப்பியிருந்தார். துப்பக்கூடாது, கொப்பளிக்கக்கூடாது, நாளைக் காலைவரை வாயைத் திறந்து பேசவே கூடாது. சங்கரன்கோவில் வெயில் மண்டையைப் பிளந்தது. தெருவில் நாய்கூட இல்லை.

மாமியார் இசக்கித்தாய் வாசலிலேயே நின்றாள். இடுப்பில் கோகிலாவின் நாலு வயது மகள் அனு.

“ஆச்சி, அம்மா பேச மாட்டாளா?”

“நாளைக்குத்தான் பேசுவா மக்கா. ஒரு நாளாவது இந்த வீடு சத்தமில்லாம கெடக்கட்டும்.”

கேலிக்கு அவளுக்கு நேரங்காலம் கிடையாது.

வாடகைக்கு எடுத்த பழைய வீடு அது. போன வாரம்தான் பால் காய்ச்சிக் குடிவந்திருந்தார்கள். கொல்லையில் சுவரை ஒட்டி இடுப்பளவு உயரத்துக்கு ஒரு புற்று. இந்த ஊரில் புற்றைக் கண்டால் சும்மா விடுவார்களா? மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பாலை ஊற்றிவிட்டுத்தான் மறுவேலை. ஆனால் இதில் ஒரு பொட்டு மஞ்சள் இல்லை. சாவி கொடுக்க வந்த வீட்டுக்காரர், “அதைக் கும்பிடவும் வேண்டாம், தொடவும் வேண்டாம்” என்று மட்டும் சொன்னார். ஏனென்று கேட்பதற்குள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

பஞ்சை மாற்றி மாற்றி வைத்தும் ரத்தம் நிற்கவில்லை.

“கோயில் புத்துமண்ணு வச்சா டக்குனு நிக்கும். இப்பப் பாத்து நடை சாத்திருப்பாங்களே” என்று முணுமுணுத்த இசக்கித்தாய், எழுந்து போய்க் கொல்லைக் கதவைத் திறந்தாள்.

கோகிலா வேண்டாம், வேண்டாம் என்று கையை ஆட்டினாள்.

“எந்தப் புத்தா இருந்தா என்னட்டி? மண்ணு மண்ணுதான். வாயத் தொற.”

பேசக்கூடாதவள் எப்படி மல்லுக்கட்டுவாள்? தாடையை அழுத்திப் பிடித்து, தண்ணீர் தொட்டுக் குழைத்த மண்ணைக் குழிக்குள் அப்பிவிட்டாள் அந்த மகராசி.

ரத்தம் நின்றது.

அந்த நொடியே நின்றது.

வாயில் மண் வாடை இல்லை. பல காலம் பூட்டிக்கிடந்த அறையைத் திறந்தால் அடிக்குமே, அந்த வாடை தொண்டைக்குள் இறங்கியது. கோகிலா பாயில் சரிந்தாள். கண் செருகிக்கொண்டு போனது.

யாரோ பேசும் சத்தத்தில் விழிப்பு வந்தது.

“அனு... இங்கன வா மக்கா.”

கோகிலாவின் குரல்.

அவள் தன் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். மூடியிருந்தது.

முன்னறையிலிருந்து இசக்கித்தாய் அதட்டினாள். “ஏட்டி, பேசக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல்லா? வாய மூடிட்டுச் சும்மா கெட.”

“அம்மா கூப்பிடுதேன்லா. கைய உள்ள விடு. இன்னுங் கொஞ்சம்.”

சத்தம் கொல்லையிலிருந்து வந்தது.

கோகிலா விழுந்தடித்து ஓடினாள். அனு புற்றடியில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். வலது கை தோள்வரை பொந்துக்குள் போயிருந்தது. கன்னத்தைப் புற்றில் சாய்த்துக்கொண்டு பிள்ளை சிரித்தது.

‘அனு’ என்று அலறினாள். வெறும் காற்றுதான் வந்தது.

பிள்ளையை இடுப்போடு கட்டிப்பிடித்து இழுத்தாள். உள்ளேயிருந்தும் இழுத்தார்கள்.

“விடுட்டி” என்றது புற்றுக்குள் கிடந்த அவள் குரல். “எம் மண்ண வாங்கிக்கிட்டேல்லா? நான் ஒண்ணு வாங்கக்கூடாதோ?”

கோகிலாவுக்கு எங்கிருந்துதான் அந்த வெறி வந்ததோ! விரலை வாய்க்குள் விட்டுக் குழியைத் தோண்டினாள். சதை கிழிந்தது. மண்ணும் ரத்தமும் வாய் நிறையச் சேர, டாக்டராவது ஒன்றாவது, புற்றின் தலையில் காறித் துப்பினாள்.

உள்ளே ஏதோ இருமியது.

கை விடுபட, தாயும் பிள்ளையும் மல்லாக்க விழுந்தார்கள். கோகிலா பிள்ளையை வாரிக்கொண்டு, எதிரே வந்த மாமியாரை இடித்துத் தள்ளி, வீட்டைக் கடந்து தெருவுக்கு ஓடினாள். பின்னாலேயே இசக்கித்தாயும் தலையிலடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

வெளியே அதே வெயில். அடுத்த தெருவில் தறி ஓடும் சத்தம். யாரோ பைக்கில் போனார்கள். பிள்ளையின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பேச வாயெடுத்தாள், சத்தம் வரவில்லை. போய்த் தொலையட்டும், பிள்ளை கிடைத்துவிட்டாளே! உச்சந்தலையில் மாறி மாறி முத்தம் கொடுத்தாள்.

இசக்கித்தாய் பேத்தியின் தோளைத் தடவினாள். “பாவி நான்லா மண்ண எடுத்தேன்... வலிக்கா மக்கா? ஆச்சிட்ட சொல்லு.”

அனு நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை. வாயைத் திறந்தாள்.

கோகிலாவின் குரல் வந்தது.

“வலிக்கல அத்தே.”