பின்கட்டுச் சாவிக்கொத்து

ஐந்தரைக்கு எழுந்தேன். பால் காய்ச்சினேன். இரண்டு டம்ளர் எடுத்து, ஒன்றைத் திருப்பி வைத்தேன். குளித்தேன். இரண்டு சாவிக்கொத்துகளையும் பையில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன். திங்கட்கிழமை என்றால் குன்றக்குடி சாலையில் இருக்கும் பெரிய வீடு.

கல்லூரி முடித்ததும் நானும் என் மனைவி ரோகிணியும் தொடங்கிய தொழில் இது. வெளியூரில் இருப்பவர்களின் வீடுகளை வாரம் ஒருமுறை திறந்து, காற்றாட விட்டு, பழுது பார்த்து, வீடியோ அனுப்புவோம். இந்த வீட்டில் இருபத்துநான்கு அறைகள். முகப்பிலிருந்து பன்னிரண்டை நான் திறப்பேன். பின்கட்டிலிருந்து பன்னிரண்டை அவள். நடு முற்றத்தில் சந்திப்போம். பிந்தியவர் டீ வாங்க வேண்டும். பெரும்பாலும் நான்தான்.

ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை. நாங்கள் போய் இறங்கியதும் உரிமையாளர் சத்தியமூர்த்தி சென்னையிலிருந்து அழைத்தார். ரோகிணி ஏதோ சொல்லிவிட்டு, மழையில் நனைந்தபடி பின்கட்டுக்குப் போனாள். நான் முகப்பில் நின்று இருபது நிமிடம் பேசினேன்.

“வயரிங் எல்லாம் சோதிச்சாச்சு சார்” என்றேன்.

சோதிக்கவில்லை. பட்டியலில் ‘சரி’ என்று குறித்திருந்தேன்.

அவள் ஏழு அறைகளைத் திறந்திருந்தாள். எட்டாவது அறை வாசலில் கிடந்தாள். சுவிட்ச் பெட்டிக்குள் ஈரம் இறங்கியிருந்தது.

காரியம் முடிந்து வந்த முதல் திங்கட்கிழமை, பூட்டிக் கிடந்திருக்க வேண்டிய பின்கட்டில் எட்டு அறைகள் திறந்திருந்தன. பூட்டிவிட்டுப் போனேன். அடுத்த வாரம் ஒன்பது. பிறகு பத்து. போன வாரம் பதினொன்று.

அவளுடைய சாவிக்கொத்து என்னிடம்தான் இருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பூட்டை மாற்றிவிடுவார்கள்.

நேற்று சத்தியமூர்த்தி செய்தி அனுப்பினார். வீட்டை ஓட்டல்காரர்களுக்குக் கொடுத்தாயிற்று. மதியத்துக்குள் எல்லாச் சாவிகளையும் ஒப்படைக்க வேண்டும். அவளுக்கு ஓர் அறைதான் மீதி. எனக்கு ஒரு காலைதான்.

வாசலில் காவல்காரர் வீரணன் எழுந்து நின்றார்.

“இன்னைக்கோட சரியா தம்பி?”

“ஆமாண்ணே.”

“பின்கட்டை அப்பவே தொறந்துட்டீகளா? சாவிச் சத்தம் கேட்டுச்சே.”

“இப்பத்தாண்ணே வாரேன்.”

என் பையைப் பார்த்தார். பீடியைக் கீழே போட்டார். “நான் இங்குட்டே இருக்கேன்” என்றார்.

முகப்பிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்தேன். வௌவால் எச்சம், பழைய தேக்கு, ஈரச் சுண்ணாம்பு. பன்னிரண்டாவது பூட்டில் சாவியை நுழைத்தபோது போன் அடித்தது. சத்தியமூர்த்தி.

எடுக்கவில்லை.

அது அடித்து ஓய்ந்தது.

முற்றத்தின் எதிர்ப்பக்கம் ஒரு பூட்டு திரும்பியது.

கதவு மெல்ல உள்ளே போனது. யாரும் இல்லை. ரப்பர் கருகிய வாடை வந்தது.

“ரோகிணி, வயரிங் நான் பாக்கலை” என்றேன்.

வெயில் விழுந்த கல் தரையில் ஈரப் பாதம் ஒன்று பதிந்தது.

இன்னொன்று.

என் கால்களுக்கு எதிரே வந்து நின்றன. வெகுநேரம் காயவில்லை.

மதியம் இரண்டு கொத்துகளையும் ஒப்படைத்தேன். அன்று மாலையே பூட்டுகளை மாற்றினார்கள்.

அடுத்த திங்கட்கிழமை காலையில் வீரணன் அழைத்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

“தம்பி, புதுப் பூட்டு எல்லாம் போட்டுத்தான் இருந்துச்சு. பின்கட்டுல முதல் ரூம் மட்டும் தொறந்து கெடக்கு. நீங்க வந்தீகளா?”

“இல்லண்ணே. எங்கிட்ட சாவி இல்ல.”

போனை வைத்தேன். முகப்புப் பக்கம் திறந்துகொண்டு வர இனி யாரும் இல்லை. அவளுக்கு அது தெரியாது.

அந்த ஐப்பசித் திங்கட்கிழமை, நான் போனைக் காதில் வைத்தபோது, அவள் கடைசியாகச் சொன்னது இதுதான்:

“பேசிட்டு மெதுவா வாங்க. நான் அங்குட்டு இருந்து தொறந்துக்கிட்டே வாரேன்.”