வெளியே வா, அங்கேயே நில்லு

மிளகுக்குத் தலை சுற்றியது. ராட்டினத்தில் ஏறியதால் அல்ல. அப்பாவின் சலூனில் முடியைப் பெருக்கிக்கொண்டே, பெரியவர்கள் கால்பந்து பேசுவதைக் கேட்டதால்.

மிளகு என்பது அவளுடைய பட்டப்பெயர். ஆள் சிறியவள், பேச்சு காரம். அவளுடைய அண்ணன்தான் ஊர் அணியின் கோல்கீப்பர். அந்த அணி கடைசியாக எப்போது ஜெயித்தது என்று கேட்டால், ரசிகர்கள் எல்லோரும் கூரையைப் பார்ப்பார்கள்.

"போன ஞாயித்துக்கிழமை விழுந்த அத்தனை கோலுக்கும் ஒரே காரணம்தான்" என்றார் தையல்காரர். முகம் முழுக்கச் சவர நுரையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அப்பா பேச்சு சுவாரசியத்தில் கத்தியை எடுக்கவே மறந்துவிட்டார். "உங்க பையன் வெளியே வரவே மாட்டேங்கிறான். பந்து வந்தா எதிர்ல ஓடிப் போய்ப் பிடிக்க வேணாமா?"

"நல்லா இருக்கே கதை" என்றார் பஸ் டிரைவர். "வெளியே வந்ததாலதான் கோலே விழுந்தது. காவல்காரன் வாசலை விட்டுட்டு ஊர் சுத்தப் போகலாமா?"

"ரெண்டுமே இல்லை. பின்வரிசையில இன்னும் ஒரு ஆளைப் போடணும்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"அந்த ஆளை எங்கிருந்து எடுப்பீங்க?" என்று கேட்டார் டிரைவர்.

"முன்வரிசையிலேர்ந்துதான்."

"அப்ப கோல் யார் போடுவாங்க?"

"இப்ப மட்டும் யார் போடறாங்க?"



"எனக்கென்னவோ, அவன் இடது பக்கமா கொஞ்சம் தள்ளி நின்னாலே போதும்னு தோணுது" என்றார் அப்பா.

மிளகு குழம்பிப்போனாள். ஒருவர் பேசும்போது அவர் சொல்வதுதான் சரி என்று தோன்றியது. அடுத்தவர் வாயைத் திறந்ததும் இவர் சொல்வது அதைவிடச் சரியாக இருந்தது.

கடைசியில் மருந்துக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார். அணிக்குப் பந்தும் சட்டையும் வாங்கித் தருபவர் அவர். "நாளைக்கு ஆட்டத்தையும் பார்ப்போம். தோத்துட்டா, அடுத்த ஆட்டத்துல என் தம்பி பையன் கோல்ல நிக்கட்டும். தப்பா எடுத்துக்காதீங்க."

"இதுல தப்பா எடுத்துக்க என்ன இருக்கு?" என்றார் அப்பா. ஆனால் அவர் முகம் வாடிவிட்டது.

மிளகு பெருக்கிய முடியை முறத்தில் அள்ளினாள்.

"மிளகு, அதைப் பின்பக்கத் தொட்டியில கொட்டு" என்றார் அப்பா.

"வாசல்ல கூடை இருக்கே பாப்பா, அங்க போடு" என்றார் டிரைவர்.

"பையில கட்டித்தான் போடணும். நில்லு, பை தர்றேன்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

மிளகு பின்பக்கம் ஓர் எட்டு வைத்தாள். வாசலைப் பார்த்துத் திரும்பினாள். பிறகு நின்றாள். அவள் நின்ற இடம் மேசை விசிறிக்கு நேர் எதிரே. முறத்திலிருந்த முடி முழுவதும் பறந்து போய்த் தையல்காரரின் நுரையில் ஒட்டிக்கொண்டது.

வெள்ளைத் தாடி கறுப்புத் தாடியானதைப் பார்த்து எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். மிளகுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. 'நான் ஏன் நின்றேன்? இந்த வழியோ அந்த வழியோ, போயிருந்தால் ஒழுங்காகக் கொட்டியிருப்பேனே' என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

வீட்டில் அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து கையுறைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, போன ஆட்டத்துல பந்து வந்தப்ப ஏன் நடுவுல நின்னுட்ட?"

"நான் ஓடத்தான் ஆரம்பிச்சேன். 'அங்கேயே நில்லு'ன்னு டிரைவர் மாமா கத்தினாரு. நின்னேன். 'வெளியே வா'ன்னு தையல் மாமா. மறுபடி ஓடினேன். 'இடது பக்கம்'னு அப்பா. பந்து வலது பக்கமா உள்ள போயிடுச்சு." அவன் கையுறைகளைக் கீழே வைத்தான். "யார் சொல்றது சரின்னே தெரியலை. நாளைக்கு ஒரு நாள் நிக்கிறேன். அப்புறம் எனக்கு வேணாம்."

ஐந்து வயதிலிருந்து பந்தோடு தூங்கியவன் அண்ணன். அவன் வாயிலிருந்து 'வேணாம்' என்று கேட்டதும் மிளகுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஆட்டத்தன்று ரசிகர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சலூனின் நீள பெஞ்சைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போவார்கள். தங்கள் அணியின் கோலுக்குப் பின்னாலேயே அதைப் போட்டு உட்காருவார்கள். ஆபத்து எங்கேயோ, அங்கேதானே ஆலோசனை தேவை? இடைவேளையில் அணிகள் பக்கம் மாறும்போது பெஞ்சும் பின்னாலேயே போகும்.

மறுநாளும் பெஞ்ச் கிளம்பியது. மிளகு கூடவே ஓடினாள்.

"நீங்க ஆளுக்கு ஒண்ணா கத்தறதாலதான் அண்ணன் குழம்பறான்" என்றாள்.

"பார்த்தீங்களா, குழந்தைக்கே தெரியுது" என்றார் தையல்காரர். "இனிமே நான் மட்டும் சொல்றேன். நீங்கள்லாம் சும்மா இருங்க."

"நீங்க எதுக்கு? நான் சொல்றேன்" என்றார் டிரைவர்.

பெஞ்சின் இரண்டு முனைகளிலும் வாக்குவாதம் வளர்ந்தது. உண்மையைச் சொன்னால் சண்டை குறையும் என்று நினைத்தாளே, இது என்ன கூடுகிறது? மிளகுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"எதிர் டீம் கோல்கீப்பர் எப்படி ஆடுவாரு மாமா?"

பெஞ்ச் நின்றது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இத்தனை வருடத்தில் எதிர் அணியின் கோல்கீப்பரை அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்ததே இல்லை.

"நல்ல கேள்வி" என்றார் மருந்துக்கடைக்காரர், எல்லாம் தெரிந்தவர்போல. "நானே சொல்லணும்னு இருந்தேன். பெஞ்சை அந்தப் பக்கம் போடுங்க."

எதிர் அணியின் கோலில் நெட்டையான ஒரு பையன் நின்றிருந்தான். அவனை எடைபோடத்தான் வந்தார்கள். ஆனால் கண்ணெதிரே ஒரு கோல்கீப்பர் நிற்கும்போது அவர்கள் வாய் சும்மா இருக்குமா?

பந்து அந்தப் பக்கம் வந்தது. "தம்பி, வெளியே வா" என்று கத்தினார் தையல்காரர், தன்னை மறந்து.

"போகாத, அங்கேயே நில்லு" என்றார் டிரைவர்.

"இடது பக்கம்" என்றார் அப்பா.

நெட்டைப் பையன் ஓடினான், நின்றான், திரும்பினான். பந்து உள்ளே போய்விட்டது.

"சொன்னேன், கேட்டானா?" என்று தொடையில் அடித்துக்கொண்டார் தையல்காரர். கோல் போட்டது தங்கள் அணி என்பது அதற்குப் பிறகுதான் அவருக்கு உறைத்தது. எல்லோரும் பெஞ்ச் மேல் ஏறிக் குதித்தார்கள்.

மிளகும் குதிக்கத்தான் நினைத்தாள். ஆனால் வலையிலிருந்து பந்தை எடுக்கக் குனிந்த பையனின் முகத்தைப் பார்த்ததும் கால் எழவில்லை. அது நேற்றுக் கட்டிலில் பார்த்த அண்ணனின் முகம்தான். நம் அணி கோல் போட்டால் சந்தோஷம்தானே வர வேண்டும்? ஏன் இப்படிக் கஷ்டமாக இருக்கிறது?

அவள் வலைக்குப் பக்கத்தில் போனாள். "அண்ணா, இவங்க சொல்றதைக் காதுல போட்டுக்காதீங்க. உங்களுக்கு என்ன தோணுதோ அதைப் பண்ணுங்க. எங்க அண்ணனையும் இப்படித்தான் குழப்புவாங்க. பாவம், நேத்து அவன் இனிமே ஆடவே வேணாம்னு சொல்லிட்டான்."

பையன் தலையாட்டினான். மிளகு திரும்பினாள். அவளைக் கூப்பிட வந்த அப்பா பின்னாலேயே நின்றிருந்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"அப்படியா சொன்னான்?" என்று கேட்டார்.

மிளகு தலையை அசைத்தாள். அப்பா திரும்பி, தூரத்துக் கோலில் நின்ற அண்ணனைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு நெட்டைப் பையன் எந்தப் பந்தையும் விடவில்லை. இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் எதிர் அணியும் தூரத்திலிருந்து ஒரு கோல் அடித்துச் சமன் செய்தது.

இடைவேளையில் அண்ணன் இந்தப் பக்கக் கோலுக்கு வந்தான். தையல்காரர் கைகளைத் தேய்த்துக்கொண்டு பெஞ்சில் வசதியாக உட்கார்ந்தார்.

"எழுந்திரிங்க" என்றார் அப்பா. "பெஞ்சை நடுக்கோட்டுக்குப் பக்கத்துல போடுவோம்."

"அவ்வளவு தூரத்திலேர்ந்து சொன்னா அவனுக்குக் கேக்காதே?"

"கேக்க வேணாம்."

பெஞ்ச் அப்பாவுடையது. அவர் அப்படிப் பேசி யாரும் பார்த்ததும் இல்லை. முணுமுணுத்துக்கொண்டே தூக்கினார்கள்.

ஆட்டம் முடியும் நேரம். எதிர் அணியின் வேகக்காரன் ஒருவன் பந்தோடு தனியாக அண்ணனை நோக்கி ஓடினான். தடுக்க நடுவில் யாரும் இல்லை. மிளகு மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அப்பா தன்னையறியாமல் எழுந்து வாயைத் திறந்தார். பிறகு தன் கையாலேயே அதைப் பொத்திக்கொண்டார்.

அண்ணன் ஓடினான். எங்கும் நிற்கவில்லை. வந்தவனின் காலடியில் பாய்ந்து பந்தை மார்போடு அணைத்துக்கொண்டான்.

விசில் ஒலித்தது. ஆளுக்கு ஒரு கோல். சமனானதற்கு இப்படித் துள்ளியவர்களை அந்த மைதானம் பார்த்ததில்லை. "தோக்கலையே, அப்புறம் எதுக்கு ஆளை மாத்தணும்?" என்றார் மருந்துக்கடைக்காரர், யாரும் கேட்காமலே.

"நான் 'இடது பக்கம்'னு கத்த இருந்தேன்" என்று அப்பா மிளகின் காதில் மெல்லச் சொன்னார். "கத்தியிருந்தா கோல் விழுந்திருக்கும்."

அண்ணன் மண்ணும் வியர்வையுமாக ஓடி வந்தான். "அப்பா, இன்னைக்கு நான் எப்படி ஆடினேன்?"

சொல்வதற்கு அப்பாவிடம் நிறைய இருந்தது. அவற்றை எல்லாம் விழுங்கிக்கொண்டு, "நீ சொல்லுடா, கேப்போம்" என்றார்.

அண்ணன் ஆரம்பித்தான். எந்தப் பந்துக்கு ஏன் ஓடினான், எதற்கு ஏன் நின்றான் என்று வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தான். அப்பா ஓர் இடத்தில்கூடக் குறுக்கே பேசவில்லை.