அளந்து வரைந்த வீடு

படத்தில் கட்டில் இடம் மாறியிருந்தது.

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். மாலை வகுப்பில் கொடுத்த பயிற்சி அது. அவரவர் குடியிருக்கும் வீட்டை அளந்து கணினியில் வரைபடமாக்க வேண்டும். மூன்று வாரமாகத் தன் ஒற்றை அறையையும் சமையலறையையும் சுவர் சுவராக அளந்து வரைந்திருந்தாள். கதவு எந்தப் பக்கம் திறக்கும், தாழ்ப்பாள் எந்த உயரத்தில் இருக்கிறது, எல்லாம் அதில் இருந்தது. கட்டிலைக் கிழக்குச் சுவரோரம் வரைந்திருந்தாள். இப்போது அது ஜன்னலுக்கடியில் கிடந்தது.

நிஜக் கட்டிலும் ஜன்னலுக்கடியில்தான் கிடந்தது. கூரை ஒழுகுகிறதே என்று நேற்றுதான் இழுத்துப் போட்டாள். ஆனால் படத்தில் மாற்றவில்லையே.

மாற்றினேனோ? வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறவள் அவள். தன்னை நம்ப முடியாமல்தான் எதைச் செய்தாலும் நோட்டில் எழுதி வைப்பாள். புரட்டினாள். "கட்டிலை நகர்த்தியாயிற்று. படத்தில் மாற்ற வேண்டும்" என்று நேற்றைய தேதியில் இருந்தது. செய்து முடித்திருந்தால் பக்கத்தில் ஒரு டிக் இருக்கும். டிக் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்தி. அந்த மாடியில் மற்ற இரண்டு வீடுகளும் பூட்டிக் கிடந்தன. மழை விட்ட பிறகும் சுவரிலிருந்து ஈரச் சுண்ணாம்பின் வாடை கிளம்பிக்கொண்டிருந்தது, சமையலறைக் குழாய் எண்ணி எண்ணிச் சொட்டியது, பக்கத்துக் கூரைத் தகரத்தில் எங்கிருந்தோ ஒரு கம்பி விட்டுவிட்டு உரசியது. வெள்ளிக்கிழமை வகுப்பு விட்டதிலிருந்து அவள் யாரிடமும் வாய் திறந்து பேசியிருக்கவில்லை.

அப்போதுதான் அந்த வட்டத்தைப் பார்த்தாள். மேசைக்கு முன்னால், நாற்காலியின் மேல், சின்ன வட்டம். வரைபடத்தில் மனிதரை அப்படித்தான் குறிப்பார்கள். அவள் அதை வரையவில்லை. அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

கோந்துக்குப் போன் போட்டாள். பகலில் லேத் பட்டறை, மாலையில் அவளோடு வகுப்பு. யாரிடமாவது ஒட்டிக்கொண்டே திரிவதால் அந்தப் பெயர். வரையும் சாஃப்ட்வேரைப் பென்டிரைவில் கொண்டுவந்து வகுப்புக்கே பங்கு வைத்தவன்.

"என்ன நோட்டுக்காரி, ஞாயித்துக்கிழமைகூட வீட்டுப்பாடமா?"

"நீ குடுத்த சாஃப்ட்வேர் தானா எதையாவது மாத்துமா?"

"திருட்டுச் சாஃப்ட்வேர்தானே, கொஞ்சம் திமிரு இருக்கும். ஏன்?"

"கட்டில் நகந்திருக்கு."

"யம்மா தாயே, மூஞ்சியக் கழுவிட்டு வா."

"விளையாடாத. நான் உக்காந்திருக்கிற இடத்துல யாரோ ஆள் போட்டிருக்காங்க."

சிரிப்பு நின்றது. "ஆன்டிவைரஸ் ஓடுதா?"

"நீதானே நிறுத்தச் சொன்ன?"

"ஏய், இன்ஸ்டால் பண்ற வரைக்கும்தான்! முடிஞ்சதும் திரும்பப் போடணும்."

"அதை நீ சொல்லவே இல்ல. நீ சொன்னது ஒம்போது வரி, எழுதி வெச்சிருக்கேன். முதல் வரி, ஆன்டிவைரஸை நிறுத்து. ஒம்போதாவது வரி, வேலை செய்யுதான்னு பாரு. அவ்வளவுதான்."

ஒன்பதுக்கும் டிக் போட்டிருந்தாள். பத்தாவது வரி ஒன்று இருக்க வேண்டும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

"எத்தனை நாளாச்சு?" என்றான் மெதுவாக.

"நாப்பத்தி ரெண்டு."

"நெட்டைப் பிடுங்கு. ஆன்டிவைரஸைப் போட்டு முழு ஸ்கேன் விடு. கதவைத் தொறக்காத. நான் கிளம்பிட்டேன், ஒரு மணி நேரத்துல வந்துடறேன்."

பேசிக்கொண்டே சமையலறைக்கு நடந்திருந்தாள், தண்ணீர் குடிக்க. டம்ளரோடு திரும்பி வந்து திரையைப் பார்த்தாள். வட்டம் சமையலறையில் இருந்தது. அவள் பார்க்கப் பார்க்க அது வாசற்படியைத் தாண்டி, அவள் நின்ற இடத்துக்கு வந்து நின்றது.

திரையின் மேல்விளிம்பில் ஒரு பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. சார்ஜ் ஏறுகிற விளக்கு என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். அது கேமராவின் விளக்கு. இந்த ஊருக்கு வந்து எட்டு மாதம். எப்போது எழுகிறாள், எந்தப் பக்கம் பார்த்துச் சாப்பிடுகிறாள், எப்போது விளக்கை அணைத்துவிட்டு அழுகிறாள் என்று கேட்க ஒரு நாதி இல்லை. ஒருவனுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. அவன் அதை அளவு பிசகாமல் வரைந்தும் வைத்திருக்கிறான்.

படத்தின் ஓரத்தில் கோடுகள் முளைத்தன. அவள் வரையாத இடம். மாடிப்படி. அதை ஒட்டி, அவள் கதவுவரை நீளும் நடை. படிகளின் எண்ணிக்கைகூடச் சரியாக இருந்தது.

நடையில் இன்னொரு வட்டம்.

நெட் ஒயரைப் பிடுங்கினாள். கட்டைவிரலால் கேமராவை அழுத்தி மூடிக்கொண்டு, மறுகையால் ஆன்டிவைரஸை எழுப்பினாள். ஸ்கேன் ஓடத் தொடங்கியது. பத்து சதவீதம். இருபது. வெளியே சத்தமில்லை. தகரத்தில் உரசிய கம்பியும் ஓய்ந்திருந்தது. ஓடிப்போய்த் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தாள். போட்டிருந்தது. இன்னொரு தடவை. போட்டிருந்தது. இன்னொரு தடவை.

விளக்கை அணைக்கலாமா? வேண்டாம். அணைத்தால் அதுவும் அவனுக்குத் தெரியும்.

அறையின் நடுவில் நின்றாள். மூச்சை வாயால் விட்டாள், சத்தம் வராமல். ஐம்பது. எழுபது. மூன்று வைரஸ்கள் கண்டுபிடிக்கப்பட்டன. ஏழு. பதினொன்று. நீக்கப்படுகின்றன. தொண்ணூற்றொன்பதில் நின்றது.

நின்றது.

நகர்ந்தது.

திரை பச்சையாக மாறியது. பெரிய டிக் ஒன்று வந்தது. "உங்கள் கணினி இப்போது பாதுகாப்பாக உள்ளது."

பத்தாவது வரிக்கும் டிக் விழுந்துவிட்டது.

கதவுக்கு அடியில் ஏதோ உரசியது.

மெல்லிய, உலோகச் சத்தம். இடைவெளி வழியாக மஞ்சளாக ஒரு நாக்கு உள்ளே நீண்டது. எஃகு டேப். மேலே கறுப்பு எண்கள். பத்து. இருபது. வளையாமல், அவசரமில்லாமல், தரையோடு தரையாக வந்தது. அவள் எங்கே நிற்கிறாள் என்று தெரிந்துதான் வந்தது. எண்பது. நூற்று நாற்பது.

அவளுடைய கால் பெருவிரலைத் தொட்டு நின்றது.

கதவின் அந்தப் பக்கம், யாரோ பென்சிலால் எழுதிக்கொள்கிற சத்தம்.