காலி சீட்டுக்குப் பெல்ட்

பயணத்தின் இரண்டாம் நாள் காலை, பெட்ரோல் பங்க்கை விட்டு நெடுஞ்சாலையில் ஏறி, வேகம் பிடித்து, ஐந்தாவது கியருக்கு மாற்றிய அந்த நிமிஷத்தில் வண்டி 'டிங்' என்றது.

மீட்டர் பலகையில் சிவப்பாக ஒரு குட்டி மனிதன், மார்புக்குக் குறுக்கே ஒரு கோட்டோடு, எரிந்துகொண்டிருந்தான். பக்கத்து சீட்டில் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்று அர்த்தம். பக்கத்து சீட்டில் யாரும் இல்லை. ஒரு தண்ணீர் பாட்டில்கூட இல்லை. பக்கத்து சீட்டில் சாமான் வைத்துக்கொண்டு ஓட்டுபவர்களைப் பிரேக் இன்ஸ்பெக்டர் மனிதராகவே சேர்ப்பதில்லை.

வண்டி ஓட்ட வருகிறவர்களைச் சோதித்து லைசென்ஸ் கொடுக்கிற வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்றுவிட்டார் என்ற விஷயம் அவருடைய ஆபீசுக்குத் தெரியும். அவருக்குத்தான் இன்னும் தெரியாது. அவர் கணக்கில், உலகத்தில் ஒழுங்காகக் கார் ஓட்டத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவர். இன்னொருவர் இனிமேல்தான் பிறக்கவேண்டும். மற்ற கோடானுகோடிப் பேரும் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்குகிற வௌவால்கள். அந்த வௌவால்களிலேயே மட்டமான வௌவால் அவருடைய மாப்பிள்ளை. லைசென்ஸ் டெஸ்டில் இரண்டு தடவை தோற்றவன். மூன்றாவது தடவை அவனைப் பாஸாக்கிய அதிகாரியின் பெயரை அவர் இன்றைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்வார்.

அந்த மாப்பிள்ளைக்கு நாட்டின் அடுத்த கோடியில் வேலை மாற்றல். வீட்டுச் சாமான்கள் லாரியில் போயின. பெரிய காரில் மாப்பிள்ளை, மகள், ஆறு வயதுப் பேத்தி, இன்ஸ்பெக்டரின் மனைவி எல்லோரும் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் நின்றது மகள் ஓட்டுகிற சின்ன கார். கார்களை ஏற்றிப்போய் வாசலில் இறக்கிவிடுகிற கம்பெனி இருக்கிறது, சொல்லிவிட்டேன் என்று மாப்பிள்ளை வாயைத் திறந்ததுதான் தாமதம்.

"காரை லாரியில ஏத்தி அனுப்புறதா? குதிரையத் தூக்கி மாட்டு வண்டியில உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போவீங்களா மாப்பிள்ளை?"

தானே ஓட்டி வருவதாக அறிவித்தார். உடன் வருகிறாயா என்று மனைவியைக் கேட்டதற்கு, ரெண்டு நாள் உங்க பேச்சைக் கேட்டுக்கிட்டு வர்றதுக்கு நான் நடந்தே போயிடுவேன் என்றாள் அந்த அம்மாள். ஆக அவர் தனியாகத்தான் கிளம்பினார். அந்தக் காரை ஒரு கீறலும் இல்லாமல் கொண்டுபோய் வாசலில் நிறுத்தவேண்டும். மாப்பிள்ளை முகம் சுருங்குவதைப் பார்க்கவேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

'டிங். டிங். டிங்.'

சென்சார் கோளாறு என்று முடிவு கட்டினார். கூடவே அந்தக் கார் கம்பெனியின் எஞ்சினியர்களையும், அவர்களைப் படிக்கவைத்த பெற்றோரையும், இந்த வண்டியைத் தேர்ந்தெடுத்த மாப்பிள்ளையையும் ஒரே மூச்சில் திட்டித் தீர்த்தார். ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மறு கையால் பக்கத்து சீட் பெல்ட்டை இழுத்துக் காலி சீட்டுக்குக் குறுக்கே மாட்டினார். டெஸ்டுக்கு வந்த எவனாவது இப்படிச் செய்திருந்தால் ஜென்மத்துக்கும் லைசென்ஸ் கிடைத்திருக்காது. 'டக்' என்று மாட்டியது. குட்டி மனிதன் அணைந்தான். பயணம் இனிமையாகத் தொடர்ந்தது.

மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. ஒரு ரயில்வே கேட்டில் காத்திருக்கும்போது, வைப்பர் தேய்கிற சத்தத்துக்கும் கூரையில் மழை கொட்டுகிற சத்தத்துக்கும் நடுவே, பின்சீட்டு ஸ்பிரிங் மெதுவாக, பருத்த ஆள் ஒருவர் பார்த்துப் பார்த்து உட்காருகிற மாதிரி, முனகியது. ரயில் போனது. கேட் திறந்தது. வண்டி நகர்ந்ததும் 'டிங்'. இந்தத் தடவை பின்பக்க மனிதன். இறங்கி நனைந்துகொண்டே பின்கதவைத் திறந்து அந்த சீட்டுக்கும் பெல்ட்டை மாட்டினார். சீட் உறை கதகதப்பாக இருந்தது. எஞ்சின் சூடு என்றார், பின்சீட்டுக்கும் எஞ்சினுக்கும் சம்பந்தமே இல்லாத அந்தக் காரில்.

ஒரு டீக்கடையில் நிறுத்திவிட்டு வந்தபோது பின்பக்கத்திலேயே இன்னொரு மனிதன் எரிந்தான். அவனுக்கும் மாட்டினார். எதிரே நின்ற லாரிக்காரர் ஒருவர் அவர் காலி சீட்டுக்குப் பெல்ட் மாட்டுவதைக் கண்கொட்டாமல் பார்த்தார். உனக்கு எவன்யா லைசென்ஸ் கொடுத்தான் என்கிற பார்வையை அவர்மேல் வீசிவிட்டு இன்ஸ்பெக்டர் கிளம்பினார்.

மலைப்பாதை ஆரம்பித்ததும் வண்டி திணறியது.

இது கொஞ்சம் வேறு விஷயம். சென்சார் பொய் சொல்லலாம், மாப்பிள்ளை பொய் சொல்லலாம், ஸ்டியரிங் பொய் சொல்லாது. தனி ஆள் போகிற வண்டி எப்படி ஏறும், ஆள் நிறைந்த வண்டி எப்படி ஏறும் என்பது அவருடைய இடுப்புக்கும் கால் கட்டைவிரலுக்கும் தெரியும். மூன்றாவது கியரில் துள்ளிக்கொண்டு ஏறவேண்டிய இடத்தில் வண்டி இரண்டாவதுக்குக் கெஞ்சியது. வளைவுகளில் பின்பக்கம் கனமாக, தாமதமாக, இழுத்துக்கொண்டு வந்தது. முன்பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது.

காற்று குறைந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஒரு பஞ்சர் கடையில் ஓரங்கட்டினார். கடைக்காரர் குடையைக் கழுத்துக்கும் தோளுக்கும் இடையே இடுக்கிக்கொண்டு குனிந்து, நாலு சக்கரத்திலும் அளந்து பார்த்தார். காற்று சரியாக இருக்கிறதாம்.

"பின்னாடி டயரை வேணா கழட்டிப் பாக்கறேன். ஆனா உள்ள இருக்கறவங்கள இறங்கச் சொல்லுங்க சார். இவ்ளோ வெயிட்டோட ஜாக்கி தூக்காது."

கடைக்காரரின் அறிவைப்பற்றி ஒரு நல்ல வாக்கியம் இன்ஸ்பெக்டரின் நாக்கு நுனிக்கு வந்தது. அதைச் சொல்வதற்காகத்தான் திரும்பினார். அப்போதுதான் வண்டியை வெளியிலிருந்து பார்த்தார்.

பின்சக்கரத்துக்கு மேலே நாலு விரல் போகிற இடைவெளி இருக்கவேண்டும். ஒரு விரல் போகவில்லை. டிக்கியில் அவருடைய ஒரே ஒரு துணிப்பை. கண்ணாடிகள் எல்லாம் உட்பக்கம் ஆவி படிந்து வெளுத்திருந்தன, மழையில் கதவைச் சாத்திக்கொண்டு நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிற பஸ் மாதிரி. பின்கண்ணாடியில் ஒரு இடத்தில் மட்டும் ஆவி இல்லை. வட்டமாகத் துடைத்திருந்தது. உள்ளேயிருந்து.

கடைக்காரர் காசு வாங்கவில்லை. போங்க சார் என்றார். குடையை விரித்தபடியே கடைக்குள் போய்விட்டார்.

மறுபடி ஸ்டியரிங்கில் உட்கார்ந்ததும் வாடை தெரிந்தது. ஈரத் துணி. தலை எண்ணெய். வெகுநேரம் வாய் திறக்காமல் இருந்தவர்களின் மூச்சு. கண்ணாடியை இறக்கினார். மழை உள்ளே வந்தது; வாடை வெளியே போகவில்லை. பயம் என்கிற சமாச்சாரம் மாப்பிள்ளை மாதிரி ஆட்களுக்கு வருவது என்று இத்தனை காலம் நம்பியிருந்தவருக்கு, அது தன் பின்கழுத்தில் சின்னச் சின்னதாக ஊர்வது அவமானமாக இருந்தது. ஆகவே, தனக்குத் தெரிந்த ஒரே வித்தையில் இறங்கினார். டெஸ்ட்.

மலை இறங்கியதும் ஆளில்லாத நேர்ச்சாலை. வேகம் எடுத்தார். கண்ணாடியில் பின்னால் பார்த்தார். பிரேக்கை மிதித்தார், ஒரே மிதி.

வண்டி நிற்கவேண்டிய தூரத்தையும் தாண்டி வழுக்கிக்கொண்டு போய் நின்றது. மூன்று பெல்ட்டுகளும் ஒன்றாக இறுகின. காலி சீட்டில் மாட்டிய பெல்ட் சீட்டோடு ஒட்டித்தான் கிடக்கவேண்டும். இவை ஒட்டவில்லை. முன்னால் புடைத்து நின்றன. தோளின் வளைவு. மார்பின் வளைவு. பக்கத்து சீட்டில் வயிற்றின் வளைவுகூட.

பிறகு மூன்றும் மெதுவாகச் சாய்ந்தன. சாய்ந்து உட்கார்ந்துகொண்டன.

யாரோ மூச்சு விட்டார்கள். அவர் இல்லை.

அவர் பக்கத்து சீட் பெல்ட்டை அவிழ்க்கக் கையை நீட்டினார். பாதியில் நிறுத்தினார். மாட்டினதே நாமதானே. கூப்பிட்டு உட்காரவைத்த மாதிரி, ஒவ்வொருவருக்கும் இடம் கொடுத்து, மரியாதையாக, நாமே. அந்த நினைப்பு வந்ததும் கையை இழுத்துக்கொண்டார்.

மாப்பிள்ளையின் புது ஊர் எல்லையில் வண்டியை ஓரம் நிறுத்தினார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இந்தப் பாரத்தை அந்த வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகக் கூடாது. அங்கே குழந்தை இருக்கிறது. இது அவருக்குப் பட்டப்பகல் போலத் தெளிவாகத் தெரிந்தது. சாவியைச் சாக்கடையில் போட்டுவிட்டு, ஒரு ஆட்டோ பிடித்துப் போய்விடலாம். மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, வண்டி மக்கர் பண்ணுகிறது, இங்கேயே விட்டுவிட்டு வருகிறேன் என்றார். குரல் லேசாக உடைந்தது. அதை அவன் கேட்டுவிட்டான்.

"பரவால்ல மாமா, அங்கயே நில்லுங்க. நான் வந்து ஓட்டிட்டு வந்துடறேன். இந்த வயசுல தனியா இவ்ளோ தூரம்னா பயமாத்தான் இருக்கும்."

நல்ல மனதோடு சொன்னான். அதுதான் தாங்க முடியவில்லை. இரண்டு தடவை தோற்றவன். ரிவர்ஸ் எடுக்கும்போது நாக்கைக் கடித்துக்கொள்பவன். அவன் வந்து, இந்த ஸ்டியரிங்கைப் பிடித்து, தன்னைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போவதா? பின்னால். அவர்களோடு.

"பயமா? எனக்கா? கேட்டைத் திறந்து வைங்க மாப்பிள்ளை. இதோ வந்துட்டேன்."

கியர் தானாகவே விழுந்த மாதிரி இருந்தது. வண்டி இப்போது திணறவில்லை.

தெருமுனையிலேயே நிறுத்திவிடுவது என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். தெருமுனை வந்தது. பிரேக்கை மிதித்தார். கால் மிதித்தது. வண்டி போய்க்கொண்டிருந்தது. பிரேக் இன்ஸ்பெக்டரின் காலுக்கடியில் பிரேக் இல்லை.

வாசலுக்கு நேராக, ஒரு கீறல் இல்லாமல், அளவெடுத்த மாதிரி வந்து நின்றது.

பேத்தி கேட் கம்பியில் ஏறி நின்றுகொண்டிருந்தாள். உள்ளே போ என்று கத்தினார். தொண்டை திறந்தது; சத்தம் வரவில்லை. ஹாரனை அழுத்தினார். இல்லை. தன் பெல்ட்டின் பொத்தானை அமுக்கினார். அது கல்.

பக்கத்தில் 'க்ளிக்'.

பின்னால் 'க்ளிக்'. 'க்ளிக்'.

கதவுகள் திறந்தன. ஒவ்வொரு பாரம் இறங்க இறங்க வண்டி கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழும்புவதை அவர் இடுப்பு உணர்ந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. அதற்குப் பிறகும் இன்னொரு தடவை லேசாக எழும்பியது. யாருமே இல்லாத வண்டி நிற்கிற உயரத்துக்கு.

பேத்தி கம்பியிலிருந்து குதித்தாள். பக்கத்து சீட்டுக் கதவுக்கு வெளியே, வெறும் இடத்தை, அண்ணாந்து பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"தாத்தா. ஏன் இவ்ளோ லேட்டு?"

கையை நீட்டினாள். ஏதோ ஒன்று அதைப் பிடித்துக்கொண்டது. அவளுடைய குட்டி விரல்கள் அமுங்கியது தெருவிளக்கில் நன்றாகத் தெரிந்தது.

மாப்பிள்ளை வெளியே வந்தான். அதே வெற்றிடத்தைப் பார்த்து, அவர் வாழ்நாளில் கண்டிராத மரியாதையோடு சிரித்தான்.

"வாங்க மாமா. அசத்திட்டீங்க. இவங்கல்லாம் உங்க கூட வேலை பாத்தவங்களா? வாங்க, எல்லாரும் உள்ள வாங்க."

வாசலில் நின்ற மனைவி ஒதுங்கி வழிவிட்டாள். ஒருவருக்கு. இன்னொருவருக்கு. அப்புறம் இன்னொருவருக்கு. இன்ஸ்பெக்டர் கண்ணாடியை இரண்டு கையாலும் அறைந்தார். மாப்பிள்ளை திரும்பி, கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்தினான். குனிந்து ஸ்டியரிங் பக்கம் எட்டிப் பார்த்தான். வண்டிக்குள் எதையாவது விட்டுவிட்டோமா என்று பார்க்கிற பார்வை. எதையும் விடவில்லை. மாற்றுச் சாவியை அமுக்கினான். நாலு பக்கமும் விளக்கு ஒரு தடவை மின்னிப் பூட்டிக்கொண்டது.

உள்ளே கூடத்து விளக்கு எரிந்தது. சன்னல் திரையில் நிழல்கள் விழுந்தன. மகள். மாப்பிள்ளை. மனைவி. பிறகு மூன்று. மூன்றில் பருத்த நிழல் ஒன்று குனிந்து, பேத்தியைத் தூக்கி, தோள்மேல் உட்காரவைத்துக்கொண்டது. குழந்தை சிரிக்கிற சத்தம் தெரு வரைக்கும் கேட்டது. நிழல் அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள், இன்னும் உள்ளே, நடந்தது. ஒவ்வோர் அறையாக விளக்குகள் அணைந்துகொண்டே வந்தன.