வானத்துக் கல்லும் வெந்நீர் ஜீப்பும்

செப்டம்பர் மாதத்தில் ஒருநாள் சாயங்காலம் லடாக்கின் கிழக்கு மலைகளுக்கு மேலே ஒரு நெருப்புப் பந்து சீறிக்கொண்டு போனது. லாரி ஓட்டுநர்கள் இரண்டு பேர் வெவ்வேறு இடங்களிலிருந்து அதைக் கைப்பேசியில் படம் எடுத்தார்கள். அந்தப் படங்களை வைத்துக் கணக்குப் போட்டு, விண்கல் விழுந்திருக்கக்கூடிய இடத்தை வரைபடத்தில் வட்டமிட்டாள் மெய்யம்மை. வட்டத்துக்குள் ஒரே ஒரு பள்ளத்தாக்கு இருந்தது. பதினைந்தாயிரம் அடி உயரம். மரம் கிடையாது, ஊர் கிடையாது. பனிக்காலம் வழியை அடைப்பதற்குள் போய்விட வேண்டும். விட்டால், அடுத்த கோடையில் பனி உருகி ஓடும் தண்ணீர் கல்லை எங்கே உருட்டிக்கொண்டு போகுமோ தெரியாது.

ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு ஒரு மாத விடுப்பு கிடைத்தது. வண்டி கிடைக்கவில்லை. போத்தனூரில் தன்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த இரண்டு பேருக்குப் போன் போட்டாள். ஒருத்தி ரோஸ்லின், சொந்தமாக ஒர்க்‌ஷாப் நடத்துகிறவள். பழைய டீசல் ஜீப் ஒன்றைப் பிரித்து மேய்ந்து புதுசாக்கி வைத்திருந்தாள். இன்னொருவன் நவ்ஷாத். இப்போது பிரியாணிக் கடை வைத்திருந்தாலும் ஆறு வருஷம் லடாக்கின் லே நகரம் வரைக்கும் லாரி ஓட்டியவன், ஹிந்தி தண்ணீர் பட்ட பாடு. எதற்கு, ஏன் என்று கேட்பதற்கு முன்பே இரண்டு பேரும் சரி என்று சொல்லிவிட்டார்கள்.

அக்டோபர் கடைசியில் பள்ளத்தாக்குக்குள் இறங்கினார்கள். ஜீப்பில் இருந்த சாமான்களில் ரோஸ்லினே செய்த ஒரு தகரப் பெட்டியும் உண்டு. இன்ஜினைச் சுற்றிச் சூடேறும் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகும் வழியில் ஒரு ஹோஸைப் பிரித்து இந்தப் பெட்டிக்குள் விட்டிருந்தாள். பெட்டிக்குள்ளே செம்புக் குழாய்ச் சுருள். சுருளின் ஒரு முனையில் சின்ன மோட்டாரால் ஓடைத் தண்ணீரை ஏற்றினால் மறுமுனையில் வெந்நீராக வரும். இரண்டு தண்ணீரும் ஒன்றோடொன்று கலக்காது. கூடாரம் போடுகிற இடத்தில் ஆளுக்கொரு வெந்நீர்க் குளியல் என்பதுதான் அவள் கனவு. வழியில் முதல் சோதனையிலேயே ஹோஸ் பிய்த்துக்கொண்டு நவ்ஷாத்தின் படுக்கை முழுக்க நனைந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஏற்றத்திலும் அந்த பாய்லரைத் தூக்கிப் போட்டால் வண்டி லேசாகும் என்று அவன் சொல்லிக்கொண்டே வந்தான். ரோஸ்லின் ஹோஸுக்கு இரட்டைக் கிளிப் போட்டு முறுக்கினாள்.

எட்டு நாள் தேடினார்கள். நூலில் கட்டிய காந்தத்தைத் தொங்கவிட்டபடி, குனிந்த தலை நிமிராமல் மெய்யம்மை நடந்தாள். கறுப்பாகத் தெரிந்த ஒவ்வொரு கல்லின் மேலும் காந்தத்தைக் காட்டினாள். விண்கல்லில் இரும்பு இருக்கும், காந்தம் ஒட்டும். எதுவும் ஒட்டவில்லை. ஒன்பதாம் நாள் காலை நவ்ஷாத் பருப்பு வேகவைத்தான். அந்த உயரத்தில் பருப்பு லேசில் வேகாது. மூன்று மணி நேரம் கொதித்தும் அது வேகவில்லை, கடைசி கேஸ் டப்பாதான் தீர்ந்தது. அடுப்பு இல்லாமல் இனி தங்க முடியாது. நாளைக்குத் திரும்பிவிடலாம் என்று முடிவு செய்தார்கள்.

கடைசியாக ஒரு தடவை ஓடையின் மேல்பக்கம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மெய்யம்மை கிளம்பினாள். நவ்ஷாத் துணைக்குப் போனான். இரண்டு மணி நேரம் நடந்த பிறகு, ஓடைக்கு நடுவே வழவழவென்று ஒரு கறுப்புக் கல் அவள் கண்ணில் பட்டது. யோசிக்காமல் பனித்தகட்டின் மேல் காலை வைத்தாள். தகடு உடைந்து இரண்டு காலும் முழங்கால் வரைக்கும் உள்ளே போய்விட்டன. அப்படியே நின்று காந்தத்தை நீட்டினாள். ஒட்டவில்லை. அது சாதாரணக் கல்.

திரும்பி வருகையில் காற்று முகத்தில் அறைந்தது. நனைந்த பூட்ஸ் கல்லாக இறுகியது. வலிக்கிறதா என்று நவ்ஷாத் கேட்கும்போதெல்லாம் இல்லை என்றாள். உண்மையில் அவளுக்குக் கால்விரல்கள் இருப்பதே தெரியவில்லை. கடைசி அரை மைல் அவளை முதுகில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

ரோஸ்லின் பூட்ஸைக் கத்தியால் கிழித்து எடுத்தாள். பத்து விரலும் மெழுகுவர்த்தி மாதிரி வெளுத்திருந்தன. நவ்ஷாத் தேய்க்கப் போனான். மெய்யம்மை அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தேய்க்காதே நவ்ஷாத், சதை போயிடும். முழங்கை தாங்குற சூட்டில் வெந்நீர் வேணும். அரை மணி நேரம், சூடு குறையாமல். அப்படிச் செய்தால் விரல் தப்பிக்கும்."

நவ்ஷாத் காலி கேஸ் டப்பாவைப் பார்த்தான். "நான்தான் மெய்யா... பாழாப்போன பருப்புக்காக..." என்று தொடங்கியவனை ரோஸ்லின் முடிக்கவிடவில்லை.

"அண்டாவை எடு" என்றாள்.

ஜீப்பைக் காற்றுக்கு எதிரே திருப்பி, புகை பின்பக்கமாகப் போகும்படி நிறுத்தினாள். இன்ஜின் உறுமியது. பெட்டியின் மோட்டாருக்குள் தண்ணீர் உறைந்து அது வெடித்திருந்தது. ரோஸ்லின் அதைக் கழற்றி எறிந்துவிட்டுச் சுருளின் வாயில் ஒரு நீளக் குழாயையும், குழாயின் தலையில் புனலையும் மாட்டினாள். நவ்ஷாத் ஓடைக்கும் ஜீப்புக்குமாக ஓடினான். கேனோடு ஜீப்பின் கூரையில் ஏறி நின்று, புனலில் சிறுகச் சிறுக ஊற்றினான். முதலில் பச்சைத் தண்ணீர்தான் வந்தது. இரண்டாவது கேனுக்குத் தண்ணீர் வெதுவெதுத்தது. மூன்றாவதில் ஆவி பறந்தது!

பிரியாணி அண்டாவில் மெய்யம்மையின் கால்கள் இறங்கின. ரோஸ்லின் முழங்கையை உள்ளே விட்டுக்கொண்டே இருந்தாள். ஆறினால் கொஞ்சம் வெந்நீர், சூடு ஏறினால் கொஞ்சம் ஓடைத் தண்ணீர். ஹோஸின் கிளிப் ஒன்று கசிந்தபோது, சுடுகிறதே என்று பாராமல் அதைத் துணியால் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இருபது நிமிஷம் கழித்து மெய்யம்மை வீறிட்டு அழுதாள்.

"வலிக்குது ரோசி. பத்தும் வலிக்குது!"

விரல்கள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. மூன்று பேரும் அழுதார்கள், பிறகு ஏன் என்றே தெரியாமல் சிரித்தார்கள்.

அப்போதுதான் மேட்டுக்கு மேலே ஒரு பெண், முதுகில் குழந்தையோடும் கையில் ஒரு மட்டக்குதிரையின் கயிறோடும் வந்து நின்றாள். பெயர் யாங்சோம். மேட்டுக்கு அந்தப் பக்கம் அவளுடைய ஆட்டு மந்தையும் நான்கு கூடாரங்களும் இருந்தன. இத்தனை நேரமாக ஒரே இடத்தில் இன்ஜின் சத்தம் கேட்கவே, வண்டி மாட்டிக்கொண்டதோ, இழுத்துவிடலாம் என்று வந்திருந்தாள். அண்டாவுக்குள் காலை வைத்து அழுதுகொண்டே சிரிக்கிற பெண்ணைப் பார்த்து அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வெந்நீரில் கையை விட்டுப் பார்த்தாள். பிறகு எடுக்கவே இல்லை.

மறுநாள் காலையில் நான்கு கூடாரத்து ஆட்களும் வந்துவிட்டார்கள். நவ்ஷாத் தார்ப்பாயைக் கட்டி மறைப்புப் போட்டான். ரோஸ்லின் பால் பவுடர் டப்பாவின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு ஷவர் செய்தாள். பதினான்கு பேர் வரிசையாகக் குளித்தார்கள். யாங்சோமின் குழந்தை தண்ணீரை இரண்டு கையாலும் அறைந்து அறைந்து எல்லோரையும் நனைத்தது.

எதைத் தேடி இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று யாங்சோம் கேட்டாள். நவ்ஷாத் ஹிந்தியில் விளக்க, மெய்யம்மை நெருப்புப் பந்தின் படத்தைக் காட்டினாள். யாங்சோம் அதை உற்றுப் பார்த்தாள்.

"இது விழுந்த மறுநாளே எடுத்துட்டோமே. என் கூடாரத்துக் கயிறு அந்தக் கல்லுலதான் கட்டியிருக்கு" என்றாள்.

மெய்யம்மையை மட்டக்குதிரையில் ஏற்றிக் கூட்டிப்போனார்கள். கூடாரத்தின் ஓரத்தில், யாக் மாட்டின் முடியில் திரித்த கயிறு சுற்றிய ஒரு கறுப்புக் கல் கிடந்தது. அவள் நூலை நீட்டினாள். காந்தம் ஒருபக்கமாகச் சாய்ந்து, டக்கென்று கல்லைக் கவ்விக்கொண்டது.

தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் கூடாரம் பறக்காமல் இருக்க வேறு நல்ல கல் கொண்டுவந்து வையுங்கள் என்றாள் யாங்சோம். ரோஸ்லினும் நவ்ஷாத்தும் தூக்கி வந்த மூன்று கற்களை அவள் வேண்டாம் என்று தள்ளினாள். நான்காவதைத்தான் ஒத்துக்கொண்டாள். அவள் கணவனிடம் ஒரு பழைய பிக்கப் இருக்கிறது, கீழே கிராமத்தில் நிற்கிறது என்று தெரிந்ததும், ரோஸ்லின் தன் பெட்டியைக் கழற்றி, எந்த ஹோஸ் எங்கே என்று படம் வரைந்து, அதையும் அவள் கையில் கொடுத்தாள்.

லேயில் மருத்துவர் பத்து விரல்களையும் அழுத்திப் பார்த்துவிட்டு, ஒன்றுகூடப் போகாது என்றார். கல் பதினேழு கிலோ இருந்தது. மெய்யம்மை எழுதிய அறிக்கையில் கண்டெடுத்தவர் என்ற இடத்தில் யாங்சோம் குடும்பத்தின் பெயர் இருக்கிறது. எட்டு நாள் தரையையே பார்த்து நடந்தேன், ஒருநாள் மேட்டைத் தாண்டிப் போய் அங்கே இருப்பவர்களைக் கேட்டிருக்கலாம் என்று அவள் எல்லோரிடமும் சொல்கிறாள்.

டிசம்பரில் போத்தனூர் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு போன் வந்தது. யாங்சோமின் கணவன். பெட்டியை மாட்டிவிட்டேன், ஒரு ஹோஸ் ஒழுகுகிறது என்றான். நவ்ஷாத் பக்கத்தில் நின்று மொழிபெயர்க்க, எந்தக் கிளிப்பை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று ரோஸ்லின் கால் மணி நேரம் சொல்லிக்கொடுத்தாள். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு தண்ணீர் கொட்டும் சத்தமும், அதை இரண்டு கையாலும் அறைந்து ஒரு குழந்தை போடும் கூச்சலும் கேட்டன.