அத்தையைத் தோற்கடித்தவள்

வரலாற்றுச் சிறப்புமிக்க அந்தத் தீர்மானத்தை அப்பா நாற்காலிமேல் ஏறி நின்று அறிவித்தார். "அக்காவை இனிமே யாரும், எப்பவும், ஜெயிக்கக் கூடாது!"

கேரம் விளையாட்டில்தான். நாற்காலிமேல் ஏறியதும் பல்பு மாற்றுவதற்காகத்தான்.

அத்தை முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். புற்றுநோய்க்கான சிகிச்சை நல்லபடியாக முடிந்து ஒரு மாதம் ஆகிறது. ஆனால் மருந்தின் வேகத்தில் விரல்நுனி மரத்துப்போயிருந்தது. அடித்த காய் நேராகப் போகாது. அப்படியும் தினமும் அத்தைதான் ஜெயித்தார்! குழி வாசலில் நின்ற காயைக்கூட அம்மா தவறவிட்டார். அப்பா தோற்றுவிட்டு, "அடடா, என்ன கை அக்கா உனக்கு!" என்று கைதட்டினார்.

நாலாம் நாள் அத்தை பலகையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சாப்பாடு அப்படியே ஆறியது.

ஒன்பது வயதுச் சுண்டெலிக்கு மனசு கேட்கவில்லை. அந்தப் பட்டப்பெயரை வைத்ததே அத்தைதான்.

"ஏன் அத்தை விளையாட மாட்டேங்கறீங்க?"

"எல்லாரும் வேணும்னே தோக்கறாங்கடி. பொழைக்க மாட்டேன்னா தானே இப்படி விட்டுக்குடுப்பாங்க? டாக்டர் எனக்குத் தெரியாம உங்கப்பன்கிட்ட ஏதாவது சொல்லிட்டாரோ?"

"அப்பா வாயில ரகசியம் அரைமணி நேரம் நிக்குமா அத்தை?"

அத்தை யோசித்தார். "நிக்காது."

சுண்டெலி பலகையை வெளியே இழுத்தாள். "நான் விட்டுத்தர மாட்டேன். உக்காருங்க."

பவுடரைத் தூவினாள். மடமடவென்று காய்களைப் போட்டாள். சிவப்பையும் விடவில்லை. அத்தை தோற்றுப்போனார்.

அப்பா பதறி ஓடிவந்தார். "ஏய், தீர்மானம் என்னாச்சு?"

"நீ சும்மா இருடா!" பேருந்தின் கடைசி இருக்கைவரை கேட்ட குரல், பல மாதம் கழித்து வீட்டை அதிரவைத்தது. "முழங்கையை உள்ள கொண்டுவந்தேடி, நான் பாத்தேன். அழுகுணி! அடுத்த ஆட்டம் போடு!"

"போடறேன். முதல்ல சாப்பிடுங்க. அப்புறம் பசியில தோத்தேன்னு சொல்வீங்க."

தட்டு காலியானது.

அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நானும் இத்தனை நாளா பாசத்துலதான் விட்டுக்குடுத்தேன். இல்லேன்னா..."

"வாடா தம்பி. பாசத்தை அங்க வெச்சுட்டு வந்து ஆடு."

அப்பா சட்டைக் கையை மடித்தார். விரல்களில் சொடக்கு எடுத்தார். மூச்சை உள்ளே இழுத்தபடி உட்கார்ந்தார்.

அத்தை அடித்ததில் பாதி குறி தவறியது. இருந்தும் அவரே ஜெயித்தார்.

அப்பா குழியில் போட்டது ஸ்ட்ரைக்கரை மட்டும்தான். நான்கு முறை.